கூலியில்லாதவர்களின் வேலைநிறுத்தம்

ஏவ்ரில் ஹோல்ராய்டு முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூட அலுவலகத்தில் குப்பை கொட்டியவள். காகிதம் என்றால் ஓரம் பிசகாமல் அடுக்க வேண்டும், எண் என்றால் இரண்டு தடவை கூட்டிப் பார்க்க வேண்டும் என்பது அவள் ரத்தத்தில் ஊறிப்போன விஷயம். இந்த நல்ல குணம்தான் தார்ன்கில் ஊரின் கடைசித் தோட்டக்காரருக்கு வேட்டு வைத்தது.

மில்னர் பூங்காவில் ஒரு காலத்தில் ஆறு தோட்டக்காரர்கள் இருந்தார்கள். நகரசபையின் கஜானா வற்ற வற்ற அவர்கள் ஒவ்வொருவராக வீட்டுக்குப் போனார்கள். மிஞ்சியவர் கீத் பாட்டம்லி ஒருவர்தான். அவருக்கும் திங்கள், செவ்வாய், புதன் என்று வாரத்தில் மூன்றே நாள் வேலை. முதல் தோட்டக்காரர் போனபோதே, பூங்கா காடாகிவிடுமே என்று ஊரார் இருபது பேர் சேர்ந்து 'பூங்கா நண்பர்கள்' என்று ஒரு குழு ஆரம்பித்தார்கள். செவ்வாயும் சனியும் காலை பத்து மணிக்கு மஞ்சள் மேல்சட்டை மாட்டிக்கொண்டு வந்து களை பிடுங்குவார்கள், குப்பை பொறுக்குவார்கள், பதினொன்றரைக்குத் தேநீர் குடிப்பார்கள். பெய்யாத நாளைவிடப் பெய்யும் நாள் அதிகமான ஊர் அது. ஆனாலும் மழைக்குப் பயந்து ஒருவரும் வராமல் இருந்ததில்லை. இதில் சம்பளம் யாருக்கும் கிடையாது. ஏவ்ரில்தான் செயலாளர்.

ஜனவரியில் அவள் நகரசபைக்கு ஒரு அறிக்கை எழுதினாள். இருபத்துநாலு பக்கம். அட்டையில் இசை மண்டபத்துக்கு முன்னால் இருக்கும் வட்டப் பாத்தியின் படம். கணவன் டெனிஸ் இறந்த வருடம் அவள் தன் கையால் நட்ட பன்னிரண்டு கருஞ்சிவப்பு ரோஜாச் செடிகள் அவை. நாட்டின் நல்ல பூங்காக்களுக்குக் கொடுக்கிற கொடியைத் தர வந்த பார்வையாளர்கள் அந்தப் பாத்தி முன்னால் ஐந்து நிமிடம் நின்றார்களாம். அதே படம் சட்டம் போட்டு அவள் வீட்டுக் கணப்புக்கு மேலேயும் இருக்கிறது. அதற்கு இடம் விடுவதற்காக, அங்கே படமாகத் தொங்கிய டெனிஸ் கொஞ்சம் ஓரமாக நகர்ந்துகொண்டார்.

ஏழாம் பக்கத்தில்தான் வினை இருந்தது. சென்ற ஆண்டு உறுப்பினர்கள் கொடுத்த உழைப்பு 4,112 மணி நேரம் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தாள். இதைப் பார்த்தாவது நகரசபைக்கு மனசு இளகும், கீத்துக்கு ஐந்து நாள் வேலையைத் திருப்பிக் கொடுப்பார்கள் என்பது அவள் கணக்கு.

நகரசபை இளகத்தான் செய்தது. மார்ச் மாதம் வந்த அவர்கள் காகிதத்தில் பூங்கா நண்பர்களுக்கு ஒரு பத்தி முழுக்கப் பாராட்டு. அடுத்த பத்தியில், அறிக்கையின் ஏழாம் பக்கம் காட்டுகிறபடி பூங்காவைப் பொதுமக்களே சிறப்பாகப் பராமரித்து வருவதால், தோட்டக்காரர் பணியிடத்தை ஜூன் முடிவோடு நீக்கிவிடலாம் என்று பரிந்துரை. ஜூன் பதினொன்றாம் தேதிக் கூட்டத்தில் முடிவு எடுப்பார்கள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான். இதில் கூடுதல் கொடுமை, சூனியம் போய்ப் பிடித்தது அடுத்தவரை.

ஏவ்ரில் காகிதத்தை எடுத்துக்கொண்டு கீத்தின் கொட்டகைக்குப் போனாள். அவர் கத்தரியைத் தீட்டிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே படித்திருந்தார். "அறிக்கை நல்லா எழுதியிருந்தீங்க கண்ணு," என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால்கூட அவளால் தாங்கியிருக்க முடியும். அன்றைக்கு வீட்டுக்குப் போய் அந்த ஏழாம் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தாள். தப்பே இல்லாமல் கூட்டியிருந்தாள்.

ஏப்ரல் கடைசியில் குழு கூடியது. ஒருவர் மனு எழுதலாம் என்றார். இன்னொருவர் பத்திரிகைக்குச் சொல்லலாம் என்றார். இருபத்தாறு வருடம் பேருந்து ஓட்டிய நஸீம் அக்தர் பேசாமல் சமோசாப் பெட்டியைத் திறந்து எல்லோருக்கும் கொடுத்து முடித்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"நாங்க பஸ்ஸுல என்ன செய்வோம்? வண்டிய டிப்போவுல நிறுத்திருவோம். அவ்வளவுதான். அவங்களுக்கு நம்ம வேலதானே வேணும்? அத நிறுத்துவோம்."

"நமக்குச் சம்பளமே கிடையாதே நஸீம், நாம எப்படி வேலைநிறுத்தம் பண்றது?" என்று யாரோ கேட்டார்.

"அதுதான் வசதி. சம்பளத்த வெட்டுவேன்னு நம்மள ஒருத்தனும் மிரட்ட முடியாது பாருங்க."

சிரிப்பு அடங்கியதும் கை தூக்கச் சொன்னார்கள். பதினாறுக்கு நாலு. விதிகளை ஏவ்ரில்தான் எழுதினாள். வழக்கம்போல் செவ்வாயும் சனியும் பத்து மணிக்கு மஞ்சள் சட்டையோடு வர வேண்டும். பெஞ்சுகளில் உட்கார வேண்டும். தேநீர் குடிக்கலாம். ஒரு புல்லைக்கூடக் கிள்ளக் கூடாது. கீத் தன் மூன்று நாள் வேலையைச் செய்வார், அதற்கு மேல் ஒரு நிமிடம் கிடையாது. கீத்திடம் சொன்னபோது அவர் தலையை ஆட்டினார். அது சரி என்கிற ஆட்டமா, என்னவோ செய்யுங்கள் என்கிற ஆட்டமா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

மே மாதத்தில் சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது தோட்டவேலை செய்தவர்களுக்குத்தான் தெரியும். மழையும் வெயிலும் மாறி மாறி அடிக்க, களைகளுக்குக் கொண்டாட்டம். முதல் வாரம் மஞ்சள் பூப் பூக்கும் களைகள் நடைபாதை ஓரத்தில் தலை நீட்டின. இரண்டாம் வாரம் கொடிக்களை பெஞ்சின் காலைச் சுற்றியது. மூன்றாம் வாரம் ஏவ்ரில் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு முட்செடி அவள் முழங்கால் உயரத்துக்கு வந்து அவளையே பார்த்துக்கொண்டு நின்றது. கை பரபரத்தது. கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற கிளைவ் என்பவர் பின்னலூசி எடுத்துவந்து மனைவியிடம் கற்றுக்கொண்டு பின்ன ஆரம்பித்தார்.

ஊர் ஜனம் பொங்கியது. குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து வந்தவர்கள், நாயைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள், எல்லோரும் மஞ்சள் சட்டைக்காரர்களிடம் வந்துதான் கேட்டார்கள். இப்படி உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கிறீர்களே, வெட்கமாக இல்லையா என்று ஒரு பெரியவர் திட்டினார். நஸீம் அவருக்கு ஒரு சமோசாவும் நகரசபையின் தொலைபேசி எண் எழுதிய சீட்டும் கொடுத்து அனுப்பினாள்.

நாலாவது வாரம் கவுன்சிலர் கிரஹாம் ஃபர்த் வந்தார். பூங்காக்களுக்குப் பொறுப்பாளர். கெட்டவர் இல்லை. முதியோர் கவனிப்புக்கும் குழந்தைகள் காப்பகத்துக்கும் போக மிச்சம் இருப்பதை வைத்துப் பூங்காவையும் நூலகத்தையும் நீச்சல் குளத்தையும் ஓட்ட வேண்டியவர். எங்கே வெட்டினாலும் ரத்தம் வரும் என்றால், சத்தம் போடாத இடத்தில் வெட்டுவதுதானே மனித சுபாவம். பூங்காக்கள் சத்தம் போடுவதில்லை.

"ஜூன் பதினெட்டு கொடி பாக்க ஆளுங்க வர்றாங்க ஏவ்ரில். இந்தக் கோலத்துல பாத்தா கொடி போயிரும். உங்க பேருக்கும்தானே கெடுதல்?"

"போனா போகட்டும் கவுன்சிலர். கீத் போறதுக்குக் கொடி போறது பரவால்ல."

அவர் பெருமூச்சு விட்டார். பிறகு இசை மண்டபத்துப் பக்கம் திரும்பி, முகம் மலர்ந்து, நல்ல வேளை உங்கள் ரோஜாப் பாத்தியை மட்டுமாவது விட்டுவைத்திருக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

எல்லோரும் எழுந்து போய்ப் பார்த்தார்கள். வட்டப் பாத்தி பளிச்சென்று இருந்தது. ஒரு களை இல்லை. வாடிய பூக்கள் கிள்ளப்பட்டிருந்தன. மண் கொத்திவிட்ட ஈரத்தோடு கறுப்பாகக் கிடந்தது. யாரோ வேலைநிறுத்தத்தை முறித்திருக்கிறார்கள். அது யாருடைய செல்லப் பாத்தி என்று எல்லோருக்கும் தெரியும் என்பதால் மற்ற பத்தொன்பது ஜோடிக் கண்களும் ஏவ்ரில் பக்கம் திரும்பின.

நான் இல்லை என்று அவள் சொன்னாள். நஸீம் சமோசாப் பெட்டியை அவள் பக்கம் நீட்டவில்லை. ஏவ்ரிலுக்கு முகம் சிவந்துவிட்டது. செய்யாத குற்றத்துக்குத் தலை குனிவதைப்போல எரிச்சலான விஷயம் உலகத்தில் வேறு கிடையாது.

அடுத்த சனிக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக, ஐந்து மணிக்கே அவள் பூங்காவுக்குப் போனாள். ஜூனில் அந்த ஊரில் அதற்குள் நன்றாக வெளுத்துவிடும். பாத்திக்குள் ஒருவர் மண்டியிட்டு வேலை செய்துகொண்டிருந்தார். நகரசபையின் பச்சைச் சட்டை இல்லை, பழைய கம்பளிச் சட்டை. முதுகைப் பார்த்தே அடையாளம் தெரிந்தது.

"கீத், இன்னிக்கு சனிக்கிழமை."

"தெரியும் கண்ணு." அவர் திரும்பவில்லை.

"உங்களுக்காக இருபது பேர் கையக் கட்டிட்டு உக்காந்திருக்கோம். ஊர்ல போறவங்க வர்றவங்ககிட்ட எல்லாம் பேச்சு வாங்குறோம். கடைசில கருங்காலி நீங்கதானா?"

கீத் கொத்தியைக் கீழே வைத்தார். எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"எனக்காகன்னு சொல்லாதீங்க. எங்க ஆளுங்க அஞ்சு பேர ஒவ்வொருத்தரா வீட்டுக்கு அனுப்புனாங்களே, அப்பவே இந்தப் பூங்கா நாறிப் போயிருந்தா அவங்களுக்குப் பயம் வந்திருக்கும். நாற விட்டீங்களா? மஞ்சச் சட்டைய மாட்டிக்கிட்டு சிரிச்ச முகமா வந்து நின்னீங்க. நல்ல மனசுதான், நான் இல்லேங்கல. ஆனா அஞ்சு பேருக்கு நடக்காத வேலைநிறுத்தம் எனக்கு எதுக்கு?"

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. அந்த ஐந்து பேரில் மூன்று பேரின் பெயர்கூட ஏவ்ரிலுக்குத் தெரியாது.

"சரி. அப்போ இத எதுக்குச் செய்றீங்க?" என்றாள். "இப்படி அழகு பண்ணி வெச்சா, பாத்தீங்களா ஆளே வேண்டாம்னு உங்களுக்குத்தானே குழி தோண்டுவாங்க?"

"எல்லாத்தையும் விட்டுட்டேன். இந்தப் பாத்திய மட்டும் விட மனசு வரல."

"இது என் பாத்தி. நானே விட்டுட்டேன், உங்களுக்கு என்ன?"

கீத் தொப்பியைக் கழற்றித் திரும்ப மாட்டிக்கொண்டார். சொல்லக் கூடாது என்று நாலு வருடம் வைத்திருந்ததைச் சொல்வதற்கு முன்னால் அவர் செய்த ஒரே காரியம் அதுதான்.

"நீங்க நட்ட பன்னெண்டும் அந்த வருஷக் குளிர்லயே போயிருச்சு கண்ணு. மேலாப்புல நட்டுட்டீங்க. பிப்ரவரில அதெல்லாம் பிடுங்கிட்டு அதே ரகத்த வாங்கி நான்தான் வெச்சேன். நீங்க மார்ச்ல வந்தீங்க. துளிர் விட்டிருக்கு, டெனிஸுக்குக் காட்ட முடியலியேன்னு அழுதீங்க. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?"

அவள் பாத்தி ஓரத்துக் கல்லில் உட்கார்ந்தாள். கல் நனைந்திருந்தது. முதலில் வந்தது கோபம்தான். அடுத்து வந்தது அவமானம். கணப்புக்கு மேலே தொங்கும் படம் கண் முன் வந்தது. அட்டைப்படம் வந்தது. டெனிஸை ஓரமாக நகர்த்தி வைத்தது வந்தது. அவள் அழுதாள், பிறகு மூக்கைச் சிந்தினாள். சிந்தி முடித்தபோது அவள் பழையபடி பள்ளிக்கூட அலுவலகக்காரியாக ஆகியிருந்தாள்.

"எங்களுக்குத் தெரியாம வேற என்னெல்லாம் சரி பண்ணினீங்க?"

அதெல்லாம் எதுக்கு என்று கீத் மழுப்பப் பார்த்தார். அவள் விடவில்லை. ஒரு மணி நேரம் ஆயிற்று. வாழ்க்கையில் முதல் தடவையாகக் கையில் பேனா இல்லாமல் அவள் ஒரு பட்டியலை வாங்கிக்கொண்டாள். நாலாயிரத்துச் சொச்சம் மணி நேரத்தைக் கூட்டியவள், உறுப்பினர்கள் வீட்டுக்குப் போன பிறகு கீத் எத்தனை மணி நேரம் அவர்கள் செய்ததைச் சரிசெய்தார் என்று கேட்கவே இல்லை. அவளுடைய தப்பு கூட்டலில் இல்லை, அங்கே இருந்தது.

"இத கூட்டத்துல சொல்லப் போறேன்," என்றாள்.

"வேண்டாம் கண்ணு. அவங்க மானம் போயிரும். எல்லாரும் ஆசையா செஞ்சது."

"என் மானம் முதல்ல போகட்டும். அப்புறம் அவங்க இஷ்டம். நீங்க கொத்திய எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போங்க. புதன்கிழமைக் கூட்டம் முடியற வரைக்கும் உங்க வேலை நேரம் தவிர இந்தப் பக்கம் வரக் கூடாது."

அவர் போனார். அவள் அன்றைக்கே வீடு வீடாக ஏறி இறங்கினாள். பெருமையாகத் தோட்டவேலை செய்த ஒருவரிடம் போய், நீங்கள் செய்தது இப்படிப் பாழானது, அதை ஊரறியச் சொல்கிறீர்களா என்று கேட்பது லேசான காரியமா? இரண்டு பேர் கதவைச் சாத்தினார்கள். கிளைவ் அரைமணி நேரம் பின்னிக்கொண்டே இருந்துவிட்டு, சரி என்றார். நஸீம் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, உன்னைச் சந்தேகப்பட்டேன் என்று சொல்லிக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

ஜூன் பதினொன்று மாலை நகரசபை மண்டபத்தில் பொதுமக்கள் பேசுவதற்கு முன்கூட்டிப் பெயர் கொடுத்தவர்கள் பதினொரு பேர். ஆளுக்கு மூன்று நிமிடம். எல்லோரும் மஞ்சள் சட்டையில் வந்திருந்தார்கள். மேடையில் இருந்த ஏழு கவுன்சிலர்களும் ஒரே மனுவைப் பதினொரு தடவை கேட்கப் போகிறோம் என்ற அலுப்போடு சாய்ந்து உட்கார்ந்தார்கள்.

ஏவ்ரில் முதலில் எழுந்தாள். அறிக்கையின் அட்டையை உயர்த்திக் காட்டினாள்.

"இந்த அறிக்கை நான் எழுதினது. இதை வெச்சுத்தான் நீங்க கீத் பாட்டம்லிய வேண்டாம்னு சொல்றீங்க. இந்தப் படத்துல இருக்கிற ரோஜாவ நான் நடல. நான் நட்டது அத்தனையும் செத்துப் போச்சு. எனக்கு நடத் தெரியல. கீத் வேற வெச்சுட்டு, என் மனசு நோகக் கூடாதுன்னு நாலு வருஷமா வாயைத் திறக்கல. நாலாயிரத்து நூத்திப் பன்னெண்டு மணி நேரம் நாங்க வேல செஞ்சது உண்மை. அதுல எவ்வளவு அவர் திரும்பச் செஞ்சாருன்னு இனிமே இவங்க சொல்லுவாங்க."

உட்கார்ந்துவிட்டாள்.

நஸீம் எழுந்தாள். குளிர்காலத்தில் காய்ந்த குச்சி என்று நினைத்து நாற்பது வருடத்துப் பியோனிச் செடிகளை வேரோடு பிடுங்கிக் குப்பையில் போட்டதாகவும், கீத் குப்பைக்குள் இறங்கித் தேடி எடுத்துத் திரும்ப நட்டதாகவும் சொன்னாள். கிளைவ் எழுந்தார். புல்தரையில் களைக்கொல்லியைக் கலக்காமல் ஊற்றிக் கோடு கோடாகக் கருக்கியது வறட்சி இல்லை, நான்தான் என்றார். மண்டபத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இரண்டு சகோதரிகள் ஒன்றாக எழுந்து, மொட்டு வைத்த பிறகு லைலாக் பூஞ்செடியை மொட்டை அடித்ததைச் சொன்னார்கள். பூங்காக் குளத்தின் வடிகுழாயை மூட மறந்து தண்ணீரெல்லாம் போக விட்டவர், மீன்கள் மூன்று நாள் கீத் வீட்டுக் குளியல் தொட்டியில் இருந்த கதையைச் சொன்னபோது மேடையில் இருந்தவர்களே சிரித்தார்கள். கீத் கடைசி வரிசையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினோராவது ஆள் உட்கார்ந்தபோது சிரிப்பு இல்லை. பொதுமக்களே சிறப்பாகப் பராமரித்து வருகிறார்கள் என்ற வரியை இனி ஒருவரும் வாய்விட்டுப் படிக்க முடியாது. ஃபர்த் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தப் பரிந்துரையை அவரே வாபஸ் வாங்கவில்லை, ஆனால் அதற்கு ஆதரவாகக் கை தூக்கும் நேரத்தில் அவர் கை மேசை மேலேயே கிடந்தது. தூக்கியவர்கள் மூன்று பேர், தூக்காதவர்கள் நாலு. கீத்தின் பணியிடம் அதே மூன்று நாள் வேலையாக இன்னும் இரண்டு வருடத்துக்கு இருக்கும். பிறகு திரும்பப் பார்ப்பார்கள்.

மண்டபம் கைதட்டியது. "ஆறு பேர் இருந்த எடத்துல அரை ஆளு," என்று நஸீம் ஏவ்ரிலின் காதில் சொன்னாள். "இதுக்குப் போயி கைதட்டுறோம் பாரு." ஆனாலும் அவளும் தட்டினாள். ஏவ்ரில் தட்டிக்கொண்டே இரண்டு வருடம் கழித்து என்ன தேதி வரும் என்று யோசித்தாள். அன்றைக்கு மற்ற ஐந்து பேரின் பெயரையும் சேர்த்துக் கொண்டுவர வேண்டும் என்று முடிவு செய்தாள்.

வேலைநிறுத்தம் முடிந்தும், ஒரு மாதக் களையை ஒரு வாரத்தில் பிடுங்கித் தீர்க்க முடியவில்லை. பதினெட்டாம் தேதி கொடிக்காகப் பார்க்க வந்தவர்கள் முழங்கால் உயரக் களையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த வருடம் கொடி கிடைக்கவில்லை. வெறுங்கம்பம் பூங்கா வாசலில் நின்றது. ஏவ்ரில் அதைப் பார்க்கும்போதெல்லாம் வலிக்கத்தான் செய்தது.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை அவள் வட்டப் பாத்திக்குப் போனாள். வெயில் காலத்தில் ஒரு செடி பட்டுப்போயிருந்தது. அந்த இடத்தில் நடுவதற்குப் புதிதாக ஒன்று கொண்டுவந்திருந்தாள். குழி தோண்டினாள், கை அளவுக்கு வந்ததும் நிறுத்தி, யோசித்து, இன்னும் தோண்டினாள். நட்டு, மண்ணை அழுத்தி, தண்ணீர் ஊற்றினாள். கீத் பச்சைச் சட்டையில் தள்ளுவண்டியோடு வந்து நின்று பார்த்தார். நன்றாக நட்டிருக்கிறீர்கள் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"இத நீங்க தொடக் கூடாது," என்றாள் ஏவ்ரில்.

"செத்துப்போனா?"

"செத்துப்போனா செத்துப்போச்சுன்னு சொல்லுங்க."

கீத் தலையை ஆட்டினார். இந்தத் தடவை அந்த ஆட்டம் சரி என்றுதான் சொல்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார், அவள் அடுத்த பாத்தியில் களை பிடுங்கப் போனாள்.